கொட்டை நீக்கிய கடுக்காய்

முதல் கண்ணாடித் தகட்டில் அரை வோல்ட் காட்டிய மானி, இரண்டாவதில் அதில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. ஆய்வு மாணவி கோகிலவாணி கம்பிகளைக் கழற்றி மாட்டினாள். விளக்கை அருகே இழுத்தாள். மானி மனம் இரங்கவில்லை.

கல்வராயன் மலைக் கடுக்காய்த் தூளைக் காய்ச்சி வடித்த சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து சூடேற்றினால், கடும் வேதிப்பொருள் இன்றியே நுண்துகள்கள் திரளும். அவற்றைக் கண்ணாடியில் பூசிச் சாயமேற்றினால் ஒளி மின்சாரமாகும். கள்ளக்குறிச்சிக் கல்லூரியின் சிற்றாய்வகத்தில் அது ஒருமுறை கைகூடியது.

"ஒரு தபா வந்தா அது அதிர்ஷ்டம்மா. திரும்ப வந்தாதான் ஆராய்ச்சி" என்றார் நெறியாளர் தமிழழகன். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும்; மூன்றாண்டு உழைப்பும் வீண்.

அதே நீர், அதே உப்பு, அதே அடுப்பு. பின் எது மாறியது? சனிக்கிழமை காலை வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினாள்.

கடுக்காய் பொறுக்கி விற்கும் சாலம்மாள் பாறைமேல் காய் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மொதல்ல குடுத்த தூளும் இப்பக் குடுத்ததும் ஒண்ணுதானா?"

"இன்னா பாப்பா இப்படிக் கேட்டுட்ட! இது அதவிட ஒசத்தி. கொட்டைய ஒண்ணொண்ணா எடுத்துட்டு இடிச்சேன். வெரலப் பாரு, காப்பு காச்சிப் போச்சி."

"அப்ப மொதல்ல குடுத்தது?"

"அது தோல் பதனிடுறவங்களுக்குப் போற மூட்ட, முழுசா இடிச்சது. நீதான் போன்ல கஷாயம் வெக்கணும்னு சொன்ன. கொட்ட வெஷமாச்சே! நீ குடிச்சிட்டு வயித்தப் புடிச்சிக்கினு கெடந்தா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"குடிக்க இல்லக்கா, கண்ணாடியில பூச."

"கண்ணாடி கஷாயம் குடிக்குதா?" சாலம்மாள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த காய்கள் உருண்டோடின.

விளையாட்டாய்ச் சொன்ன ஒரு சொல்! கோகிலவாணி தலையில் கைவைத்தாள். மறுகணமே வியப்பு மேலிட்டது. ஆலகாலத்தை மிடற்றில் தாங்கியவன், இச்சிறு வித்துக்குள் எதை ஒளித்துவைத்தான்?

முழுக்காயை இடிக்கச் சொல்லி வாங்கி வந்து, ஞாயிறெல்லாம் காய்ச்சினாள். திங்கள் காலை தமிழழகன் முன் விளக்கை ஏற்றினாள். மானி ஏறியது, அரை வோல்ட்டைத் தொட்டு நின்றது.

"வந்துட்டுதும்மா!" என்றவர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "கொட்டையில அப்படி இன்னாதான் இருக்கு?"

"தெரியலிங்க ஐயா."

"அப்ப தலைப்ப மாத்தத்தான் வேணும்" என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே. "கடுக்காய்னு எழுதாத. கடுக்காய்க் கொட்டைன்னு எழுது."