ஈசானிய மூலை

அறுபத்தெட்டாம் வருஷம், மழை தொடங்கும் சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது. துறைமுக ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். வீட்டில் சொந்தக்காரர்கள் வந்தால்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். அப்பேர்ப்பட்ட மனுஷனை முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து நான் குளிப்பாட்ட வேண்டியதாகிவிட்டது.

இந்தத் தீவில், ஷாதிபூர் பேட்டையில் எங்கள் வீடு மேட்டுச் சரிவில். வீட்டுக்கு மேலேதான் ரோடு. ரோட்டில் போகிறவன் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் எங்கள் முற்றம் முழுக்கத் தெரியும். கயிறு கட்டிப் பழைய புடவையைத் தொங்கவிட்டேன். அது பக்கத்தை மறைத்தது, மேலே என்ன செய்வது? கக்கூஸோ சரிவில் கீழே இறங்கிப் போகிற பொதுக் கக்கூஸ். என் தம்பி ஜம்புலிங்கம் மர மில் வேலைக்குப் போகுமுன் வந்து அவரை முதுகில் சுமந்துகொண்டு போவான். எதிரே வருகிறவர்கள் சும்மா போவார்களா? "எப்படி சார் இருக்கீங்க?" என்று நிறுத்தி விசாரிப்பார்கள். இவர் தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

"ஒரு ரூம் கட்டிடு மரகதம்" என்றார் ஒருநாள். "குளிக்கிறதும் மத்ததும் அதுக்குள்ளயே. மேல கூரை, முன்னாடி ஒரு கதவு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

கல்யாணமானதிலிருந்து தனக்கென்று எதுவும் கேட்காத மனுஷன். அன்றே பக்கத்து வீட்டு காண்ட்ராக்டர் நஜிமுதீன் பாயிடம் போய் நின்றேன்.

"கட்டிரலாம் தங்கச்சி. ஆனா முனிசிபல் ஆபீஸ்ல நக்ஷா பாஸ் ஆகணும். அது இல்லாம சிமெண்ட் தரமாட்டான்" என்றார்.

"பாஸ் ஆகாம கட்டினா என்ன?"

"ஜெயமணி வீட்டு அடுப்படிய இடிச்சுட்டுப் போனது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. நிலம் சர்க்காருடையது, குடியிருக்கத்தான் நமக்கு உரிமை. பாயே வரைபடம் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை, அந்தப் புண்ணியவான்.

முனிசிபல் ஆபீஸில் கிளார்க் என்னைப் பார்த்து, "பதி கா நாம் போலோ" என்றான். புருஷன் பேரை நான் எப்படிச் சொல்வேன்? கூட வந்த தம்பியை முறைத்தேன். அவன் "குழந்தைவேலு" என்றான். கிளார்க் பல்லைக் காட்டிச் சிரித்தான். சிரிச்சுட்டுப் போறான், கட்டையில போறவன். "ஓவர்சியர் சாப் வந்து இடம் பார்ப்பார், அகலே ஹஃப்தே ஆவோ" என்றான். அந்த அடுத்த வாரம் லேசில் வரவில்லை. கப்பல் வந்தால் ஆபீஸே ஜெட்டிக்குப் போய்விடும். மழை பிடித்தால் யாரும் வெளியே கிளம்பமாட்டார்கள். நான் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு நடையாய் நடந்தேன்.

கடைசியில் ஓவர்சியர் வந்தார். சர்தார்ஜி. நல்ல மனுஷன், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். டேப்பைப் பிடித்து அளந்தார். ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் சாக்கடை, பின்னால் மண் சரிகிறது. வடகிழக்கு மூலையில் நின்று, "இங்க கட்டிக்கோ. இன்னைக்கே பாஸ் பண்ணிடறேன்" என்று இந்தியில் சொன்னார். எனக்கு அவர் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

உள்ளே கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "அது ஈசானிய மூலை! அங்க கக்கூஸ் வேணாம்னு சொல்லு!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளே ஓடினேன். "கடலைத் தாண்டி வந்து தகரத்துக்கு அடியில கெடக்கோம், ஈசானியமாம் ஈசானியம்! சாமி இங்க எந்த மூலையில உக்காந்திருக்குன்னு நீங்க கண்டீங்களா?"

"நான் எத்தன நாளைக்கு? நீயும் சுசீலாவும்தான் இங்க இருந்து பொழைக்கணும். சாமி மூலைய அசுத்தம் பண்ணா பொம்பளப் பிள்ளைக்கு ஆகாது. வேற எடம் கேளு." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பெற்ற பிள்ளையைச் சொல்லி வாயை அடைத்துவிட்டார். வெளியே வந்து சர்தார்ஜியிடம் வேறு இடம் கேட்டேன்.

சர்தார்ஜி வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார். பின்பக்கம் வேண்டுமானால் மண் சரியாமல் தடுப்புச் சுவர் காட்டிப் புது நக்ஷா கொடுக்க வேண்டும் என்றார். பாய் மறுபடி வரைந்தார். கொண்டுபோனால், "சாப் மெயின்லேண்ட் கயா" என்றான் கிளார்க். சர்தார்ஜி லீவில் ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வர வேண்டிய கப்பல் கல்கத்தாவில் ரிப்பேராகி நின்றுவிட்டது. வேறு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

அந்த நாட்களில்தான் கவனித்தேன். தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது. கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்பார். தாகமில்லை என்பார். பொய். உதடு வெடித்துக் கிடந்தது.

"ஏன் குடிக்கமாட்டேங்கறீங்க?" என்று பிடித்து உலுக்கினேன்.

"குடிச்சா போகணும். ஜம்பு வேலையில இருப்பான். நீ சட்டி எடுத்துட்டு வருவ, சுசீலா நிப்பா. வேணாம்."

மகளுக்குப் பதினாலு வயது. ஒற்றை அறை வீட்டில், கொட்டுகிற மழையில், அவளை எங்கே போய் நிற்கச் சொல்வேன்? கத்தினேன். கெஞ்சினேன். வாயில் ஊற்றினால் ஓரமாக வழியவிட்டார். காய்ச்சல் கண்டது, நீர் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவருக்குத் தண்ணியே குடுக்கலையா?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த வாரமே போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. மேலே ரோட்டில் போகிறவர்கள் நின்று குனிந்து பார்த்தார்கள். ஜம்பு குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். குளிப்பாட்டுவதற்காக அவர் சட்டைப் பித்தானைக் கழற்றத் தொடங்கினான்.

பெண்கள் பிடித்திருந்த கையை உதறிவிட்டு எழுந்து ஓடினேன். "தொடாதடா! மேல மறைங்கடா மொதல்ல!"

"அக்கா, நேரமாகுது. செத்த மனுஷனுக்கு என்னக்கா கூச்சம்?"

"கூச்சத்துலதான்டா செத்தாரு உங்க மாமா!"

தம்பி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு அழுதான். நஜிமுதீன் பாய் ஓடிப்போய்ச் சிமெண்ட் மூடுகிற தார்ப்பாயைத் தூக்கிவந்தார். நாலு பேர் நாலு முனையையும் உயர்த்திப் பிடித்தார்கள். சுற்றிலும் பெண்கள் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றார்கள். ஆண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நான் கேட்கவில்லை. நானே அவர் சட்டையைக் கழற்றி, தலைக்கு ஊற்றி, நிதானமாக முதுகு தேய்த்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.