ஊளைக்குக் கீழே

ஸ்வெனின் காதுக் கருவி என் உள்ளங்கையில் கூவத் தொடங்கியதும் அதைத் தரையில் எறிந்துவிட்டேன்.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் இந்த முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு வந்து எட்டு ஆண்டுகள். காலையில் ஒவ்வொருவரின் கருவியையும் பெட்டியிலிருந்து எடுத்துக் காதில் பொருத்துவது என் வேலைகளில் ஒன்று. கைக்குள் பொத்திப் பிடித்தால் அவை எல்லாமே கூவும். இந்த எட்டு ஆண்டுகளில் அந்தச் சத்தத்தை நான் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை.

ஸ்வென் தலையணையில் சாய்ந்தபடி கருவி கட்டிலுக்கு அடியில் உருண்டு போனதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூவியதா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். அவருக்கு அது கேட்காது. இருபத்தைந்து வயதில் லண்டனுக்குப் போய், ஓர் இசைக்கருவிக் கடையின் பின்னறையில் கிற்றார்காரர்களின் அம்பிளிபயர்களைத் திருத்தியவர் அவர். அங்கேயே காதின் மேல்பாதியை, கீச்சுச் சத்தங்கள் கேட்கும் பாதியை, விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார். குருவிகள், தொலைபேசி மணி, அவருடைய சொந்தக் கருவியின் கூவல் எதுவுமே இப்போது அவருக்கு இல்லை. பஸ்சின் உறுமல் கேட்கும், கதவு அடிபடுவது கேட்கும், மனிதர்கள் பேசுவது அரையும் குறையுமாகக் கேட்கும்.

"அதன் விலை என்ன தெரியுமா, ராயிதா? நகரசபை உன் சம்பளத்தில் பிடிக்கும்." டேனிஷ்காரர்களின் வாயில் ரஜிதா என்ற என் பெயர் அப்படித்தான் வரும். அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "இரு. அந்தக் கதிரையில் இரு."

இருந்தேன். அவரிடம் சொல்லிவிட்டேன். நான்கு வாரங்களாக வெளியாள் எவரிடமும் நான் வாயைத் திறந்து சொல்லாததை, எங்களுடைய ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒருவரிடம், டேனிஷில், வேலை நேரத்தில் சொன்னேன். வேற்று மொழியில் சொல்வது இலகுவாக இருந்தது. அந்த மொழியில் எனக்கு அழத் தெரியாது.

என் தங்கை மேரிகிறேஸ் போரின் கடைசி வாரங்களில் முள்ளிவாய்க்காலில் இருந்தாள். மே மாதம் ஆறாம் திகதி யாரோ ஒருவரின் சற்றலைட் போனில் ஒரு நிமிடம் கதைத்தாள். காலில் காயம், நடக்க முடியாது என்றாள். ஐந்து வயது மகளை, வெளியேறப் போகிற யாரோ ஒருவரோடு சேர்த்து அனுப்பப் போகிறாள். "ஆரோடை எண்டு இன்னும் முடிவில்லை அக்கா. அடுத்தமுறை எடுக்கேக்கை பேர் சொல்லுறன். அந்தப் பேரை வைச்சுத்தான் நீங்கள் சின்னவளைத் தேடோணும். அவளுக்குத் தன்ரை பேரே வடிவாச் சொல்லத் தெரியாது."

அந்தப் பெயருக்காகத்தான் காத்திருந்தோம். தொலைபேசிக்குப் பக்கத்தில் பழைய கசற் றெக்கோடரை வைத்திருந்தேன். அவசரத்தில் சொல்வது காதில் ஏறினாலும் மனதில் நிற்காது என்று பயம்.

பதினான்காம் திகதி மாலை அவள் எடுத்தபோது, விபோர்க் நகரிலிருந்து தம்பி அந்தோனிதாசன் என் கைப்பேசியில் கதைத்துக்கொண்டிருந்தான். வீட்டுத் தொலைபேசி அடித்தது அவனுக்கும் கேட்டுவிட்டது. "அக்கா, ஸ்பீக்கரிலை போடுங்கோ, நானும் கேக்கோணும், ரெண்டையும் கிட்ட வையுங்கோ!" என்று கத்தினான். இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் முகத்துக்கு முகம் வைத்தேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு, ஸ்வெனின் கருவியின் கூவலைப் பல மடங்காக்கியதுபோல், அந்த ஊளை எழும்பியது. எதை அமத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றை அமத்தப் போய் அவளைத் துண்டித்துவிடுவேனோ என்று கை மேலேயே நின்றது. நாற்பது விநாடிகள். தொடர்பு அறுந்தது. நான்கு நாள்களில் சண்டை முடிந்துவிட்டதாக வானொலி சொன்னது.

அந்தக் கசற்றை எத்தனை முறை போட்டுக் கேட்டோம்! என் கணவர் அதற்குள் 'யோசேப்பு' என்ற பெயர் கேட்டதாகச் சொன்னார். தம்பி ஒரு கன்னியாஸ்திரியின் பெயர் என்று சத்தியம் செய்தான். எனக்கு அழுகை மட்டும் கேட்டது. கணினி தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, ஊளையை எடுத்தால் அதோடு குரலும் போகிறது என்று திருப்பித் தந்தார். கடைசியில் தம்பியிடம் சொன்னேன்: "உன்ரை அவசரத்தாலைதான்ரா அந்தப் பிள்ளை துலைஞ்சது." அவன் போனை வைத்தான். அதன்பிறகு நாங்கள் கதைக்கவில்லை.

ஸ்வென் பக்கவாதத்தில் விழுந்த இடக்கையை வலக்கையால் தூக்கி மடியில் வைத்தார்.

"ஒன்றின் வாய் மற்றதன் காதில்," என்றார். "தான் சொன்னதைத் தானே கேட்டு, திரும்பச் சொல்லி, திரும்பக் கேட்டு. இதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்."

பிறகு சொல்லத் தொடங்கினார். இடையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அறுபத்து நான்காம் ஆண்டு அந்தக் கடைக்குப் போனபோது, ஊளை ஒரு பழுது. பையன்கள் அம்பிளிபயரைத் தூக்கிவந்து வைத்து, "இது கத்துது, நிறுத்து" என்பார்கள். இவர் நிறுத்திக் கொடுப்பார். அடுத்த ஆண்டு அதே பையன்கள் வந்தார்கள். இப்போது, "வேறு எதையும் திருத்து, கத்துறதைத் தொடாதே" என்றார்கள். ஒருவன் ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பைச் சவர அலகால் கீறிக் கிழித்துக்கொண்டு வந்தான். நல்லதாக இருந்த ஸ்பீக்கர். இன்னொருவன் ஒவ்வொரு மண்டபத்திலும் மேடையில் நடந்து நடந்து, எங்கே நின்றால் கிற்றார் தானாக ஊளையிடும் என்று தேடி, அந்த இடத்தில் சோக்கால் ஒரு சிலுவை போட்டுக்கொள்வான். வாசிக்கும்போது அந்தச் சிலுவையில் போய் நிற்பான். விரலை எடுத்துவிடுவான். கிற்றார் தானே கத்தும். இசைத்தட்டுக் கம்பனிக்காரர்கள் நாடாவைக் கேட்டுவிட்டுப் பழுது என்று திருப்பி அனுப்பினார்களாம்.

"ஏன் அப்படி ஒரு சத்தம் அவர்களுக்கு வேண்டியிருந்தது?"

"பத்திரிகைக்காரர்களும் கேட்டார்கள். சைரனுக்குக் கீழே பிறந்த பிள்ளைகள், குண்டு விழுந்த குழிகளில் விளையாடியவர்கள், அதனால்தான் என்று எழுதினார்கள்." வாயைக் கோணினார். "நான் அவர்களிடமே கேட்டேன். பெட்டைகளுக்குப் பிடிக்கிறது என்றார்கள். அதில் ஒருவன் மட்டும், 'அது கத்தும்போது நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை' என்றான். அவன் பிறகு குடித்துச் செத்துப்போனான்."

நான் எழும்பிக் கட்டிலுக்கு அடியில் குனிந்து கருவியை எடுத்தேன். உடையவில்லை. கையில் மறுபடியும் கூவியது.

"கூவுதா?" என்று கேட்டார் ஸ்வென்.

"கூவுது."

"எனக்கு ஒன்றுமில்லை. ஒரு நூல்கூட இல்லை." சற்றுப் பொறுத்து, வேறு குரலில் சொன்னார்: "அந்தக் கசற்றைக் கொண்டு வா."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மெல்ல விளங்கியது. எங்கள் எல்லாருடைய காதையும் அடைத்துக்கொண்டு நின்ற அந்த ஊளை இந்த மனிதருக்கு இல்லை.

அடுத்த நாள் மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் சீருடையோடு அவருடைய அறைக்குப் போனேன். ஆனி மாத வெயில் கார்த் தரிப்பிடத்தில் பளபளத்தது. இந்த நாட்டில் அந்த ஒளி இரவு பத்தரை வரை போகாது. இவ்வளவு ஒளி எதற்கு என்று அந்தக் கோடை முழுவதும் எனக்கு ஒரு வெறுப்பு இருந்தது.

ஸ்வெனின் காதுகளிலிருந்து கருவிகளைக் கழற்றினேன். அலுமாரியிலிருந்த பெரிய பழைய ஹெட்போனைத் தலையில் மாட்டி, றெக்கோடரில் செருகினேன். சத்தத்தை முழுவதும் கூட்டச் சொன்னார். ஹெட்போனின் விளிம்பால் கசிந்து வந்த ஊளையே என் பல்லைக் கூசச் செய்தது. அவர் கண்ணை மூடி, எங்கோ தூரத்தில் நடந்து வருபவரைப் பார்க்கிறவர்போல் இருந்தார்.

கசற் நின்றது. கண்ணைத் திறந்தார்.

"இரண்டு பெண்கள்," என்றார்.

கட்டில் விளிம்பில் இருந்தேன். அவர் காதில் ஒன்றும் இல்லாதபடியால் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினேன்: என்ன சொல்கிறாள்?

"ஒருத்தி நீ. காலையில் கேட்கும் குரல்தானே, தெரியும். நீ கிட்ட நிற்கிறாய். மற்றவள் தூரம். அவள் அழவில்லை. நிதானமாகச் சொல்கிறாள்." தயங்கினார். "அவள் தொடங்கும்போதெல்லாம் நீயும் தொடங்குகிறாய். சொல்லு, சொல்லு, சொல்லு என்று. அதற்கு என்ன அர்த்தம்?"

அர்த்தத்தை எழுதிக் காட்டவில்லை.

நான் கதைத்தது எனக்கு நினைவே இல்லை. ஊளையைத்தான் நினைவில் வைத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு, கையை உயர்த்தியபடி, காதை மட்டும் கொடுத்துக்கொண்டு நின்ற ஒருத்தியை நான் நினைவில் வைத்திருந்தேன். நான்கு வாரங்கள் அவளாகவே இருந்து, தம்பியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது விநாடிகளும் நான் கத்தியிருக்கிறேன். ஊளை அடைக்காமல் விட்ட இடத்தையும் என் குரல் அடைத்திருக்கிறது. இதை இந்தக் கிழவர் அன்று காலை எத்தனை முட்டை வேண்டும் என்று சொன்ன அதே குரலில் எனக்குச் சொல்கிறார்.

"திரும்பப் போடு," என்றார்.

போட்டேன். மூன்றாவது தடவை. நான்காவது தடவை. அவருடைய நெற்றியில் வேர்வை வந்தது. போதும் என்று கையைக் காட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

ஐந்தாவது தடவை, கடைசிக்குக் கிட்ட, சட்டென்று விரலை உயர்த்தினார்.

"இங்கே உனக்கு மூச்சு முட்டுகிறது. ஒரு கணம் நிற்கிறாய்." நாடாவைப் பின்னுக்கு ஓட்டச் சொன்னார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. "பெண்ணின் பெயர். றெஜினா. எங்கள் ஆட்கள் ரெகீனா என்பார்கள். இவள் ஆங்கிலேயர் மாதிரிச் சொல்கிறாள். லண்டனில் எங்கள் தெருவில் ஒருத்தி இருந்தாள், அதனால்தான் பிடிபட்டது. பிறகு இன்னொரு சொல். ரீச்சர். அதுவும் ஆங்கிலம்தான், ஆசிரியை என்று, இல்லையா? நீங்கள் உங்கள் மொழியில் கதைப்பதே இல்லையா?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். நான் குனிந்து அவருடைய வேலை செய்யாத கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். அவருக்கு அது தெரிந்திருக்காது, அந்தக் கையில் உணர்வு இல்லை. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவிகளைத் திரும்பக் காதில் பொருத்திவிட்டேன். கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு, "நல்ல செய்தியா?" என்று கேட்டார்.

"தெரியாது ஸ்வென்," என்றேன்.

காருக்குள் இருந்துகொண்டு தம்பிக்கு எடுத்தேன். நான்காவது மணியில்தான் எடுத்தான். அக்கா என்று அழைக்கவில்லை.

"ம்," என்றான்.

"தாசன், நான் உன்னைப் பிழையாச் சொல்லிப்போட்டன். நீயில்லை. நான்தான்ரா. அவள் சொல்லச் சொல்ல நான்தான் குறுக்கை கத்தியிருக்கிறன்."

"இப்ப ஏன் அக்கா அது?" களைத்த குரல். அவனுடைய தொழிற்சாலையில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது. "விடுங்கோ."

"பேர் கிடைச்சிட்டுது."

இயந்திரச் சத்தம் மட்டும். பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது. வெளியே வந்திருக்க வேண்டும்.

"என்ன பேர்?"

"றெஜினா ரீச்சர்."

உடனே, "ஓ" என்றான்.

"தெரியுமோ ஆளை?"

"கிறேசின்ரை பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவ. பிள்ளை குட்டி இல்லை. புருசன் நித்தியானந்தன் தை மாசமே செத்துப்போனார்." நிறுத்தினான். "அக்கா, அவவைப் பற்றி ஒரு கதை வந்தது. பதினாறாம் திகதி பங்கருக்குக் கிட்ட காயத்தோடை கண்டதெண்டு ஒராள் சொன்னவர்."

"அவவோடை பிள்ளை நிண்டதோ?"

"அப்ப ஆர் அக்கா பிள்ளையைப் பாத்தது? எங்களுக்கு அந்தப் பேரிலை ஒரு அலுவலும் இருக்கேல்லைத்தானே. நான் மற்ற ஆக்களைப் பற்றித்தான் கேட்டனான்."

கார்க் கண்ணாடிக்கு வெளியே, இல்லத்து முற்றத்தில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் சக்கர நாற்காலியில் ஒருவரை வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பெயர் தெரியாமல் இருந்த நான்கு வாரங்களும் சின்னவள் என் மனதில் எங்கெங்கோ இருந்தாள். யோசேப்பு என்பவரின் தோளில் ஏறி நீரேரியைக் கடந்தாள். கன்னியாஸ்திரியின் அங்கியைப் பிடித்துக்கொண்டு முகாம் வாசலில் நின்றாள். எனக்குத் தெரியாத ஆயிரம் பேர் அவளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒரே ஒரு கைதான். அந்தக் கையில் பதினாறாம் திகதி இரத்தம் இருந்திருக்கிறது.

அந்தப் பெயர் வேண்டாம் என்று ஒரு கணம் நினைத்தேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"அக்கா? நிக்கிறியளோ?"

"நிக்கிறன்."

"என்ன செய்வம்?"

"றெஜினா நித்தியானந்தன் எண்டு தேடு. ரீச்சர் பிள்ளையைத் தன்ரை பிள்ளையெண்டு பதிஞ்சிருப்பா. அவவின்ரை பேருக்குக் கீழை ஒரு பெண்பிள்ளை, அஞ்சு வயசு எண்டு இருக்கோ பார்."

"ஓம்." அவன் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, சின்ன வயதில் இருட்டறைக்குள் போகச் சொன்னால் கேட்கும் அதே குரலில் கேட்டான்: "எந்தப் பட்டியலிலை அக்கா? முகாமிலை உள்ளாக்களின்ரையிலோ, மற்றதிலோ?"

நான் குறுக்கே கதைக்கவில்லை.

"ரெண்டிலையும் பார்," என்றேன்.