பூட்டில்லாத சாவி

என் மனைவி இறந்து இரண்டு மாதம் ஆனபோது, பறவை ஆய்வு நிலையத்தின் மேலாளர் அவளுடைய நோட்டுகளை வாங்கிப் போக வந்தார். இருபத்தாறு வருடமாக அங்கே அவளுக்கு ஒரே வேலை: ஏரிக்கரை வலையில் சிக்கும் குருவிகளின் கால் எலும்பை வெர்னியர் கருவியால் அளந்து எழுதிவிட்டுப் பறக்கவிடுவது. நான் தையல்காரன். "ரெண்டு பேரும் அளக்குறோம். உங்ககிட்ட வர்றவங்க பெருத்துக்கிட்டே போறாங்க, என்கிட்ட வர்றதுங்க சிறுத்துக்கிட்டே போகுது" என்பாள்.

மேலாளர் தேநீரைத் தொடவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். வெயில் கூடக்கூட குருவிங்க சின்னதாகுதுன்னு அக்காவோட அளவு சொல்லுது. ஆனா வயசானா கண்ணு ஏமாத்தும், கருவியும் தேயும்னு மேல நினைக்கிறாங்க. கடைசிப் பத்து வருஷத்த விட்டுடலாம்னு பேச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. கடைசி வருடங்களில் ஊசியில் நூல் கோர்க்க என்னிடம்தான் நீட்டுவாள்.

நோட்டுகளைக் கொண்டுவந்து பிரித்தேன். குருவிகளுக்கு மேலே, முதல் வரியில், 'சாவிப்பல் 21.4'. மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாளும். அலமாரி ஆணியில் தொங்கும் சாண் நீளப் பித்தளைச் சாவி அது. அதற்குரிய பெட்டி என்றைக்கோ பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. தினமும் கைப்பையில் போட்டுக்கொண்டு போவாள். பூட்டே இல்லாத சாவியை எதற்குச் சுமக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "இதுதான் எனக்கு ஆபீஸ்ல மாமியார். என்கிட்ட குத்தம் இருக்கான்னு காலையில இதுகிட்ட கேட்டுட்டுத்தான் குருவியத் தொடுவேன்" என்றாள். நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

மேலாளர் கடைசி நோட்டைப் புரட்டினார். அவள் படுக்கையில் விழுவதற்கு முந்தைய நாள்: சாவிப்பல் 21.4. கீழே குருவிகள், முதல் நோட்டின் குருவிகளைவிடச் சிறியவை. ஓரத்தில் அவள் கையெழுத்து: 'அலகும் சிறுத்துவிட்டது. உடைபடாத பெரிய விதைகள் மரத்தடியிலேயே மக்குகின்றன.'

"இந்தச் சாவி வரிய அக்கா எங்களுக்கு அனுப்பவே இல்லையே!"

"நீங்க குருவியத்தானே கேட்டீங்க?" என்றேன். என் குரல் எனக்கே சற்று உயர்ந்து கேட்டது.

ஆணியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். அவர் தன் பையிலிருந்த புதுக் கருவியால் அதன் பல்லை அளந்தார். இரண்டு முறையும் 21.4. பிறகு ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"ஒரு நாளக்கூட விட முடியாது சார்... இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா? அக்கா இடத்துக்கு வர்றவங்களும் முதல்ல இதத்தான் அளக்கணும்."

கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாரோ தைத்த சட்டை. பைக்கு ஆழம் போதவில்லை. சாவியின் தலை வெளியே எட்டிப் பார்த்தபடியே தெருமுனை வரை போனது.