மாமியார் ஏற்றம்

ஒரு வருடமாக நியகாலோவின் காதைக் குடைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு பேச்சு: "அவங்களுக்கு வழி பழக்கம்."

போன வருடம் இதே ஆறு நாள் மலை சைக்கிள் பந்தயத்தில் அவளும் அவளுடைய ஜோடி லிநெயோவும் ஒருநாள் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தார்கள். வானொலிக்காரர் ஒலிவாங்கியை நீட்டியபோது, தோற்ற ஜோடியில் ஒருத்தி, எல்லைக்கு அப்பாலுள்ள கேப் பக்கத்துக் காரியன், சிரித்த முகத்தோடு சொன்ன பேச்சு அது. நாடு முழுக்க ஒலிபரப்பாயிற்று. தலைநகர் மசேருவில் நியகாலோ வேலை பார்க்கும் ஜீன்ஸ் தொழிற்சாலையில் ஜிப் தைக்கிற வரிசை மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது; தட்டி முடித்த கையோடு, "என்ன இருந்தாலும் உங்களுக்கு வழி பழக்கம்ல" என்றது. சொந்த ஜனமே இப்படிச் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது?

அது பொய்யாக இருந்திருந்தால் உதறிவிட்டுப் போயிருப்பாள். அன்றைக்கு மலையெங்கும் கையை நீட்டினால் கை தெரியாத மூடுபனி. மற்றவர்கள் பாறைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இவர்கள் ஆட்டுத்தடத்தைப் பிடித்து நேரே வந்து சேர்ந்தார்கள். அந்தப் பேச்சு உண்மை. அதனால்தான் அப்படி எரிந்தது.

இந்த வருடம் அவளுக்கு வெற்றி மட்டும் போதாது. யாரும் வாயைத் திறக்க முடியாத வெற்றி வேண்டும். காலால் ஜெயித்தாள், வேறு எதனாலும் இல்லை என்று ஊர் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஒரு வருடமாக தன் ஊரான ரோமாவிலிருந்து மசேருவுக்கு வேலைக்குப் போகவும் வரவும் சைக்கிளே கதி என்று கிடந்தாள். மழையிலும் போனாள், காய்ச்சலிலும் போனாள்.

கடைசி நாள் காலையில் கணக்கு ரொம்பச் சுலபமாகிவிட்டது. ஐந்து நாளும் சேர்த்து முதலிடத்தில் காரியனும் அவள் ஜோடி லீஸலும்; பதினோரு வினாடி பின்னால் நியகாலோவும் லிநெயோவும். ஐந்து நாள் பாடுபட்டதில் பதினோரு வினாடி என்பது மூக்கைச் சிந்தும் நேரம். இன்றைக்குப் பதினோரு வினாடிக்கு மேல் முந்தினால் பட்டம் இவர்களுக்கு. அதிலும் ஜோடியில் இரண்டாவது ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான் கடிகாரம் நிற்கும். ஒருத்தி பறந்து என்ன, மற்றவள் வந்து சேர வேண்டும்.

"அக்கா, முகத்தை இப்படி வெச்சுக்கிட்டு வராதீங்க. எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள் லிநெயோ. இருபத்துநான்கு வயது. ரோமாவில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். இறக்கத்தில் அவளைப் பிடிக்க ஆளில்லை, பேச்சிலும் ஆளில்லை. ஐந்து நாளில் அவள் வாய் மூடியது தூங்கும்போது மட்டும்தான்.

"வாயை மூடிட்டு மிதி."

"ரெண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்றீங்களே, அது எனக்கு வராது."

முதல் முப்பது கிலோமீட்டர் கனவு மாதிரி போயிற்று. செப்டம்பர் மாதக் குளிர், பீச் மரமெல்லாம் பூ, பாதை காய்ந்து இறுகிக் கிடந்தது. இறக்கத்தில் லிநெயோ கல்லுக்குக் கல் தாவிப் போக, நியகாலோ பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனாள். மேலே திரும்பிப் பார்த்தால் எதிராளிகள் ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார்கள்.

அப்போது ஒரு கிராமம் வந்தது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், வலப்பக்கம் கல்வேலிக்குப் பின்னால் நீளக் கம்பு ஒன்றில் வெள்ளைக் கொடி படபடத்தது.

"பாத்தீங்களா அக்கா, விடிஞ்சும் விடியாம கடையைத் திறந்துட்டாங்க!" என்று லிநெயோ கத்தினாள்.

நியகாலோவும் சிரித்தாள். இந்த நாட்டில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: கம்பில் வெள்ளைக் கொடி பறந்தால் அந்த வீட்டில் சோளப் பீர் தயார், சிவப்பு பறந்தால் கறி. இருவரும் இடப்பக்கம் திரும்பி ஜோராக மிதித்தார்கள்.

இரண்டரை கிலோமீட்டர் தாண்டியதும், கிராமத்திலிருந்து குறுக்குவழியாகப் போர்வையைப் போர்த்திக்கொண்டு குதிரைமேல் வந்த ஒருவர் இவர்களை ஏற இறங்கப் பார்த்தார். பந்தயமோ உயிர் போகிற அவசரமோ, பெரியவரைக் கண்டால் வணக்கம் சொல்லாமல் போக முடியுமா? சொன்னார்கள்.

"வணக்கம் தாயி, வணக்கம். நல்லாயிருக்கீங்களா? அது சரி, உங்க கூட்டமெல்லாம் அங்க கொடிக்குக் கீழ நின்னு தண்ணி குடிக்குதே, நீங்க ரெண்டு பேரு மட்டும் எங்க போறீங்க?"

நியகாலோ பிரேக்கைப் பிடித்த வேகத்தில் பின்சக்கரம் சறுக்கியது.

முந்தின நாள் மாலை அமைப்பாளர்கள் சொன்னார்கள்தான். வழக்கமாகக் கட்டுகிற நீல நாடாக்களை ஆடுகள் தின்றுவிடுகின்றன. அதனால் சோதனைச் சாவடிகளில் இந்த முறை கொடி நடுகிறோம் என்றார்கள். என்ன நிறம் என்று அவர்கள் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வெளியூர்க்காரர்கள் கொடியைப் பார்த்தார்கள், திரும்பினார்கள். ஊர்க்காரிகள் பீர் கடை என்று சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். அந்தச் சாவடியைத் தொடாமல் போனால் பந்தயமே செல்லாது.

"நான்தான் கடைன்னு சொன்னேன்" என்றாள் லிநெயோ. குரல் இறங்கியிருந்தது.

"எனக்கும் கண்ணு இருந்துச்சுல்ல. திருப்பு வண்டியை."

திரும்பும் வழி முழுக்க மேடு. சாவடியைத் தொட்டுவிட்டு இந்தப் பாதைக்கே திரும்பியிருந்த காரியனும் லீஸலும் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். காரியன் ஆச்சரியத்தோடு பார்த்தாள், கேட்க நேரமில்லை. சாவடியைத் தொட்டுவிட்டு மறுபடி அதே பாதையில் இறங்கியபோது எதிராளிகள் பத்து நிமிடத்துக்கு மேல் முன்னால் இருந்தார்கள். வழி பழக்கமாம் வழி பழக்கம்! நியகாலோவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுகை வந்தது. அதையும் மிதித்துக்கொண்டேதான் அழுதாள்.

பிறகு அந்த இருவரும் ஓட்டிய ஓட்டத்தை அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆற்றங்கரை வரையிலான இறக்கத்தை லிநெயோ பிரேக்கையே மறந்து இறங்கினாள். ஆற்றில் மற்றவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்த்துப் பார்த்து நடந்த இடத்தில் இவர்கள் இடுப்பளவு தண்ணீரில் ஓடினார்கள். கரையேறியதும் சமவெளி, எதிர்காற்று. நியகாலோ முன்னால் குனிந்து காற்றைக் கிழித்தாள், லிநெயோ அவள் நிழலில் வந்தாள். ஒரு மணி நேரம் நியகாலோ ஒருமுறைகூட இடம் மாற்றச் சொல்லவில்லை. பத்து நிமிடம் ஆறாகி, ஆறு மூன்றாகி, ஹா ரமோசி கிராமத்துக்குள் நுழைந்தபோது எதிராளிகளின் முதுகு தெரிந்தது. நானூறு மீட்டர்கூட இருக்காது.

அந்தக் கிராமத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது சாவடி என்று முதல் சாவடியிலேயே கேட்டுவைத்திருந்தார்கள். அதற்கு முன்பே, தெருவின் இடப்புறச் சந்தில், தகரக் கூரைக்கு மேலே ஒரு வெள்ளைக் கொடி பறந்தது. இது அசல் கடை. காரியன் கொடியைப் பார்த்தாள், கையைக் காட்டினாள், இரண்டு பேரும் சந்துக்குள் திரும்பிச் சரிவில் இறங்கிவிட்டார்கள்.

லிநெயோ பக்கத்தில் ஓட்டி வந்தாள். "அக்கா... பீர் கடைக்குப் போறாங்க!"

"தெரியுது."

"அந்தச் சந்து கீழ ஓடை வரைக்கும் போகும். திரும்பி ஏறி வர அஞ்சு நிமிஷம் ஆகும். நமக்குப் போனதுக்கு இது சரியாப் போச்சு. மிதிங்க அக்கா, மிதிங்க!"

நியாயமாகப் பார்த்தால் லிநெயோ சொன்னது தப்பே இல்லை. இவர்களை யார் கூப்பிட்டுச் சொன்னார்கள்? சந்து முனை நெருங்க நெருங்க நியகாலோவின் மனதில் ஓடியது நியாயமும் இல்லை, தர்மமும் இல்லை. மாலையில் வானொலிக்காரர் என்ன சொல்வார் என்பது மட்டும்தான் ஓடியது. ஜிப் வரிசை என்ன சொல்லும் என்பதும் ஓடியது. வழி தெரியாதவர்கள் தொலைந்தார்கள், வழி தெரிந்தவர்கள் ஜெயித்தார்கள். இன்னொரு வருடம் அதைக் கேட்டுக்கொண்டு தைக்க அவளால் முடியாது.

சந்து முனையில் நின்றாள். இரண்டு விரலை வாயில் வைத்து, மாட்டை மடக்குகிற சீழ்க்கையை அடித்தாள்.

"ஏய்! அது கடை! சாவடி மேல பள்ளிக்கூடத்துல! திரும்புங்க!"

லிநெயோ அவளைப் பார்த்த பார்வையில் ஒரு ஆளைக் கொன்றுவிடலாம். "உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?"

"ஆமா. வா."

எதிராளிகள் மேலேறி வருவதற்குள் இவர்கள் சாவடியைத் தொட்டுவிட்டார்கள். ஆனால் அவர்கள் முதல் சாவடியில் நிதானமாக நின்று தண்ணீர் குடித்தவர்கள், எதிர்காற்றில் ஒரு மணி நேரம் துரத்தாதவர்கள். கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் நாலு பேரும் சக்கரத்தோடு சக்கரமாக வந்து சேர்ந்தார்கள்.

அந்த ஏற்றத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மாமியார். எவ்வளவு செய்தாலும் போதாது என்னும். ஆறு கிலோமீட்டர், ஒரு மரம் கிடையாது, மறைவு கிடையாது. பாதை உச்சி வரை மொட்டையாகக் கண்ணுக்குத் தெரியும். இங்கே வழி தெரிந்தவர், தெரியாதவர் என்று யாருமில்லை.

லீஸல் முதலில் வேகமெடுத்தாள். நியகாலோ விடவில்லை. லீஸல் மறுபடி எடுத்தாள், இவள் மறுபடி ஒட்டினாள். பாதி ஏற்றத்தில் லிநெயோவின் தொடை பிடித்துக்கொண்டது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் நியகாலோ திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் வந்து லிநெயோவின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். ஜோடியைத் தள்ளலாம், விதியில் தடையில்லை. ஆனால் மாமியாரில் தன்னைத் தள்ளவே கால் வேண்டும், அடுத்தவளையும் தள்ள எத்தனை கால் வேண்டும்? நியகாலோ ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தாள், மறு கையால் தள்ளினாள். தலையைக் குனிந்துகொண்டாள், உச்சியைப் பார்க்கவே இல்லை.

"விட்டுருங்க அக்கா."

"மிதி."

கடைசி வளைவில் தொழிற்சாலை வேன் நின்றது. ஜீன்ஸ் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பதாகையோடு ஜிப் வரிசை முழுதும் இறங்கி நின்றது. மேற்பார்வையாளர் மாதாபோ, வேலை நேரத்தில் கத்துவதுபோலவே இடுப்பில் கையை ஊன்றிக் கத்தினார். "நியகாலோ! டார்கெட் இன்னும் முடியலை! யாரைக் கேட்டு மெதுவாப் போறே?" சுற்றியிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். நியகாலோ இருக்கையிலிருந்து எழுந்தாள். தன்னிடம் அதுவரை இருந்ததும் இல்லாததுமாக எல்லாவற்றையும் அந்த உள்ளங்கையில் கொண்டுவந்து கொடுத்தாள். லீஸல் முன்னால்தான் இருந்தாள், ஆனால் காரியன் இவர்களுக்குப் பின்னால் விழுந்தாள். ஒரு சைக்கிள் நீளம், இரண்டு, பத்து. லீஸல் திரும்பிப் பார்த்து ஜோடிக்காக வேகத்தைக் குறைத்தாள். வேறு வழியில்லை அவளுக்கு.

லிநெயோவின் சக்கரம் கோட்டைத் தாண்டியது. அடுத்த நொடி நியகாலோவின் சக்கரம். கடிகாரம் நின்றது. பத்தொன்பது வினாடி கழித்து காரியன் வந்தாள்.

புல்லில் மல்லாந்து கிடந்த லிநெயோவுக்குப் பேச்சு வந்துவிட்டது. "பத்தொன்பது, அக்கா! பதினோரு வினாடியைக் கழிச்சாலும் எட்டு நம்மளது!" மாதாபோ தன் போர்வையை அவிழ்த்து நியகாலோவின் தோளில் போட்டு, நழுவாமல் ஊக்கைக் குத்தினார்.

காரியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். முகமெல்லாம் உப்பு. "அந்தச் சந்துல ஏன் எங்களைக் கூப்பிட்டே? பேசாமப் போயிருந்தா இவ்வளவு கஷ்டமே இல்லாம ஜெயிச்சிருப்பியே."

நியகாலோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இந்த ஏத்தத்துல உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஏறணும்னு ஒரு வருஷமாக் காத்திருந்தேன். பீர் கடையில விட்டுட்டு வர மனசு வரலை."

காரியன் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்த ஏற்றத்தைக் கீழே வரைக்கும் பார்த்தாள்.