ஈரமில்லாத துண்டுகள்

மாடியில் அம்மா வாழைப்பழத் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியின் ஒரு பக்கம் தக்காளி, மறு பக்கம் பழம். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டதிலிருந்து தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாத எதையும் அவன் தின்னலாம் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். கண்ணில் பட்டதையெல்லாம் வெயிலில் பரப்பிவிட்டாள்.

நான் விடுதியிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தேன். மருத்துவமனை அழைப்பை நானே எடுத்தேன். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது, இதயத்துக்கு ஆபத்து, உடனே அழைத்து வாருங்கள் என்றார்கள். உலர்ந்த பழம் ஏதாவது கொடுக்கிறீர்களா என்றும் கேட்டார்கள். வெயில் தண்ணீரை மட்டும்தான் கொண்டுபோகும். மற்றதெல்லாம் அந்தச் சுருங்கின துண்டுக்குள்ளேயே இருக்கும்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.

"பொட்டாசியமா?" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"போன தடவை ரத்தம் எடுத்தப்பவே நர்ஸம்மா திட்டுனாங்க."

"அப்புறம் ஏண்ணா தின்னே?"

"தட்டோட வந்து பக்கத்துல உக்காந்து என் வாயையே பாக்குறாங்க. நீ துப்பிடுவியா?"

"அம்மாகிட்ட சொல்லப்போறேன்."

"நான் திரும்பி வந்தப்புறம் சொல்லு." பொத்தானை விட்டுவிட்டான். "வரலைன்னா சொல்லவே சொல்லாத."

அம்மா ஒரு டப்பாவோடு இறங்கி வந்தாள். "அங்க பசிக்கும்ல. சொட்டு தண்ணி கிடையாது இதுல. நீதான் படிச்சவளாச்சே, டாக்டருக்கு எடுத்துச் சொல்லு."

டப்பாவை நான் வாங்கிக்கொண்டேன். வாடகைக் காரில் அம்மா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மடியில் டப்பா இன்னும் வெயில் சூட்டோடு இருந்தது.

"அவனுக்கு ஒண்ணு குடுடி. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

ஒரு துண்டை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். பல்லில் ஒட்டியது. அவ்வளவு இனிப்பு.

"நல்லாருக்கு உன் நியாயம். உனக்கா காயப்போட்டேன்?"

இன்னொன்றைப் போட்டேன். அடுத்ததையும் மெல்லாமல் விழுங்கினேன். கண்ணாடியில் அம்மா என்னைப் பார்ப்பது தெரிந்தது. பிறகு, "இது அவனுக்கு ஆகாதாடி? இங்க குடு" என்று திரும்பாமலே டப்பாவுக்குக் கையைப் பின்னால் நீட்டினாள். கார் குலுங்கும்போதெல்லாம் அந்தக் கையும் குலுங்கியது. விரல் நுனிகளில் பழத்தின் பிசுக்கு இன்னும் காயவில்லை.