மூக்கன் போட்ட மருந்து

தண்ணீர்த் தொட்டிக்காரருக்கு ஊர் வைத்த பெயர் மூக்கன். மூன்று தெரு தள்ளி ஒருவர் பல் தேய்த்தாரா இல்லையா என்று சொல்லிவிடுகிற மூக்கு அது. தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் போதுமா என்று பார்க்க அலுவலகம் ஒரு சோதனைப் பெட்டி கொடுத்திருந்தது. சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். ஏழு வருடமாக அது மேசைக்குள் பிரிக்காமலே கிடந்தது. மூக்கன் ஒருமுறை மோந்து பார்ப்பார், முடிந்தது சோதனை.

ஐந்து மாத வெயிலுக்குப் பிறகு, வானத்தையே யாரோ கவிழ்த்துவிட்ட மாதிரி மழை கொட்டியது. அதுவரை தெருவில் சேர்ந்த அழுக்கெல்லாம் கிளம்பிப் போய்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் கிணற்றில் குடியேறியது. மூக்கன் ஆசை தீர நனைந்தார். காலையில் அவர் போட்ட தும்மலில் ஓட்டுக்கூரை இரண்டங்குலம் எழும்பி உட்கார்ந்தது. மூக்கு இரண்டு பக்கமும் கல்சுவர்.

பவுடரை இரண்டு மடங்காகவே போட்டார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது வெயிலில் வெந்து, ஈரக்காற்றில் கட்டி தட்டி, வீரியம் போன பவுடர். மோந்தார். வாசனையே இல்லை. 'சளிதான்' என்று ஊருக்குத் தண்ணீர் போகும் வால்வைத் திறந்துவிட்டார்.

மதியம் அக்கா வீட்டுக்குப் போனார். "உன் தண்ணியில டீ போட்டா ஆஸ்பத்திரியவே குடிக்கிற மாதிரி இருக்கு" என்று இருபது வருடமாக வைதவள், அன்று வாசலுக்கே ஓடி வந்தாள்.

"டேய் தம்பி, இன்னிக்குத்தான்டா தண்ணி தண்ணி மாதிரி இருக்கு! ரெண்டு சொம்பு குடிச்சேன்."

மூக்கனுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தப் பாராட்டையாவது அவர் மோந்து பார்த்திருக்கலாம்.

மூன்றாம் நாள் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாந்தியும் பேதியுமாக ஆள் பாதியாக வற்றியிருந்தாள். அதே வார்டில் அவள் தெருவே படுத்திருந்தது. சுகாதார ஆய்வாளர் நோட்டோடு வந்தார்.

"தண்ணி எப்படிம்மா இருந்துச்சு?"

"தண்ணியில ஒண்ணுமில்ல சார். என் தம்பி மூக்கு பொய் சொல்லாது. நான்தான் கடையில கண்டதையும் தின்னுட்டேன்."

பிறந்ததிலிருந்து அக்கா கடையில் ஒரு வாய் தின்றதில்லை. ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். வால்வு இன்னும் திறந்தேதான் இருந்தது.

"கடைன்னு எழுதாதீங்க சார்," என்றார் கட்டிலோரம் நின்ற மூக்கன். "மருந்து வாசனை வரல. சளின்னு சொல்லித் திறந்துவிட்டேன்."

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போடா. முதல்ல போய் மூடு."

ஓடினார். வால்வை மூடினார். பெட்டியைப் பிரித்துச் சொட்டு விட்டார். தண்ணீர் மஞ்சளாகவில்லை. மொத்தமே ஒரு நிமிட வேலை.