பேர் மாறிய உரிமம்

அண்ணாமலை நகரில் எங்கள் தெருமுனையில் ஒரு மது மன்றம் இருக்கிறது. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பலகை. உள்ளே போகிறவனெல்லாம் உறுப்பினர்தான். விடிந்ததும் எங்கள் வீட்டு வாசல் படியில் கிடக்கும் வாந்தியைக் கழுவுவதே என் முதல் வேலை.

பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவியும் நானும் அறுபது பெண்களிடம் கையெழுத்து வாங்கி, அதன் எஃப்.எல்.2 உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி மனு கொடுத்தோம். ஐந்து மாதம் கழித்துக் கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

"மனு தள்ளுபடிம்மா," என்றார் எழுத்தர். "ஜனங்களுக்குப் புரியட்டும்னு உரிமத்துப் பேரையெல்லாம் சுலபமாக்கிட்டாங்க. இப்ப அது 'மன்ற உரிமம்'. நீங்க எழுதியிருக்கிற எஃப்.எல்.2 சட்டத்துலயே இல்ல. புதுசா எழுதி, திரும்பக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"அந்தக் கடைக்காரரும் புதுசா எழுதிக் குடுத்தாரா?" என்று கேட்டார் ரஹ்மத் பீவி.

"அவுங்களுக்கு எதுக்கு? பழைய உரிமம் தானா புதுப் பேருக்கு மாறிடும்."

தள்ளுபடி உத்தரவையும் எங்கள் கையெழுத்துத் தாள்களையும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

திரும்பி வந்தால், பட்டப்பகலிலேயே எவனோ படியில் வாந்தி எடுத்து வைத்திருந்தான். கையெழுத்துத் தாள்களை ரஹ்மத் பீவியிடம் கொடுத்துவிட்டு, தள்ளுபடி உத்தரவால் அதை வழித்தெடுத்தேன்.

நல்ல கெட்டித் தாள்.